பட்டறை மேசைக்குப் பசை: எதை எடுப்பது, எப்படிப் பூசுவது

பட்டறை மேசை வாழ்நாள் முழுக்க அடி வாங்கும் பொருள். அதன் மேல் வைத்துத்தான் உளியை அடிப்போம், இழைப்புளியைத் தள்ளுவோம், வைஸில் கட்டையைப் பிடித்து ரம்பம் போடுவோம். அதனால் முதல்முறை மேசை செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "இருப்பதிலேயே வலுவான பசை எது?" என்றுதான் கேட்கிறார்கள்.

மரவேலைக்கென்று விற்கும் சாதாரணப் பசையே போதும் என்பதுதான் என் பதில். அதைக் கொண்டு ஒழுங்காக ஒட்டிய இணைப்பைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். பசை விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். மேசைகள் பிரிந்து போவதற்குக் காரணம் வேறு. ஒட்டும் முகத்தைச் சரியாக இழைத்திருக்க மாட்டார்கள், அல்லது பசை காய ஆரம்பித்த பிறகு அழுத்தியிருப்பார்கள், அல்லது ஒட்டவே கூடாத இடத்தில் ஒட்டியிருப்பார்கள். இந்த மூன்றையும் தவிர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

கணக்குக்கு வசதியாக ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். நீளம் 1.8 மீட்டர், மேல்பலகையின் கனம் 9 செ.மீ. நாலரை செ.மீ. தடிமனுள்ள 13 சட்டங்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, முகத்தோடு முகம் ஒட்டினால் அகலம் 58.5 செ.மீ. வரும். மொத்தம் 12 ஒட்டு.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை, மஞ்சள் பசை இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் அடிப்படை பி.வி.ஏ. என்ற பாலிவினைல் அசிட்டேட்தான். மஞ்சள் பசை சீக்கிரம் இறுகும், காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டால் இழுக்காமல் தூளாக உதிரும். வெள்ளைப் பசை கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். புதியவருக்கு அந்தக் கூடுதல் நேரம் பெரிய உதவி. டப்பாவில் டி2, டி3, டி4 என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியத் தரக் குறியீடு. எண் கூடக் கூட ஈரத்தைத் தாங்கும் திறன் கூடும். அறைக்குள் நிற்கும் மேசைக்கு டி2 போதும். திறந்த கொட்டகையில் நிற்கப் போகிறது என்றால் டி3 எடுங்கள்.

இந்தப் பசையின் மேல் ஒரு குறை சொல்வார்கள். தொடர்ந்து ஒரே பக்கம் இழுவிசை இருந்தால் அது மெல்ல மெல்ல நழுவும். உண்மைதான். வளைத்து ஒட்டிய மரத்தில் அது தெரியும். ஆனால் நேராக இழைத்து ஒட்டிய மேசைப் பலகையில் அப்படி ஓயாமல் இழுக்கும் விசை எதுவும் இல்லை, ஆகவே கவலை வேண்டாம்.

எபாக்சி இடைவெளியை நிரப்பும், எண்ணெய்ப் பசையுள்ள மரத்திலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இரண்டு பாகத்தையும் சொன்ன விகிதத்தில் பிசகாமல் கலக்க வேண்டும், கையுறை கட்டாயம், கிளாம்பை, அதாவது ஒட்டும் சட்டங்களைச் சேர்த்து இறுக்கும் திருகுப் பிடியை, அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். துளைக்குள் தளர்வாக உட்காரும் இணைப்பைக் காப்பாற்ற அதை வைத்துக்கொள்ளுங்கள். மேல்பலகை முழுவதற்கும் தேவையில்லை. பாலியூரித்தேன் பசை ஈரத்தில் இறுகும், இறுகும்போது நுரைக்கும். அந்த நுரை இடைவெளியை அடைத்துவிட்டது போலத் தெரியும், ஆனால் நுரைக்கு வலு கிடையாது. கையில் பட்டால் தோல் உரியும்வரை கறை போகாது. யூரியா ஃபார்மால்டிஹைட் தூள் பசை கல் மாதிரி இறுகும், நழுவவே நழுவாது, வேலை செய்ய நிறைய நேரமும் தரும்; ஆனால் ஃபார்மால்டிஹைட் என்ற நச்சு வாயு வெளிவரும் என்பதால் காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வஜ்ஜிரத்தைப் பற்றி எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழைய தச்சுப் பசை. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 60 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக வைத்துக்கொண்டு பூச வேண்டும். பல வருஷம் கழித்தும் சூடும் ஈரமும் காட்டினால் இணைப்பைப் பிரித்துப் பழுது பார்க்கலாம். வேறு எந்தப் பசையிலும் அது இவ்வளவு எளிதில்லை. ஆனால் 1.8 மீட்டர் நீள முகத்தில் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசிய இடம் ஆறிவிடும். முதல் மேசைக்கு வேண்டாம்.

காண்டாக்ட் சிமெண்ட், சூப்பர் க்ளூ இரண்டையும் மரச் சட்டங்களை இணைக்க நினைக்கவே வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிராம் வேண்டும். நம் சட்டத்தின் ஒரு முகம் 0.16 சதுர மீட்டர், ஆகவே ஒரு ஒட்டுக்கு 30 கிராம். 12 ஒட்டுக்கு 360 கிராம். கால்கள், சிந்துவது, வெளியே பிதுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு கிலோ வாங்கினால் தாராளம். பழைய டப்பாவை நம்பாதீர்கள். நூல் நூலாக இழுத்தாலோ கட்டி தட்டியிருந்தாலோ அது இந்த வேலைக்கு ஆகாது.

மரத்தைத் தயார் செய்தல்

வாங்கி வந்த மரத்தை, மேசை நிற்கப் போகிற அறையிலேயே இடையில் ரீப்பர் வைத்து அடுக்கி, குறைந்தது ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். அறைக்குள் இருக்கப் போகும் மரச்சாமானுக்கு ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அளக்கும் கருவி இல்லையென்றால் ஒரு துண்டை வெட்டித் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். நாலைந்து நாளைக்கு ஒருமுறை மறுபடி எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் அறையோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். ஒரு சட்டம் ஈரமாகவும் அடுத்தது காய்ந்தும் இருந்தால், ஒட்டிய பிறகு ஒன்று மட்டும் சுருங்கும். எந்தப் பசையாலும் அதைத் தடுக்க முடியாது.

அடுத்தது நார் ஓட்டம். ஒவ்வொரு சட்டத்தையும் இழைப்புளியால் ஒரு தரம் சீவிப் பார்த்து, எந்தப் பக்கம் வழுவழுப்பாகப் போகிறதோ அந்தத் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்குங்கள். கடைசியில் மேல்பலகையை மட்டம் பிடிக்கும்போது இந்த ஒரு காரியத்துக்காக உங்களுக்கு நீங்களே நன்றி சொல்வீர்கள். அடுக்கிய பிறகு மேலே சாக்பீஸால் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்துவிட்டால், சட்டங்கள் கலைந்தாலும் வரிசை தப்பாது.

இப்போது ஒட்டும் முகம். பசை பிடிக்க வேண்டும் என்று முகத்தைச் சொரசொரப்பாகக் கீறுகிறவர்கள் உண்டு. தப்பு. பசைக்கு வேண்டியது மழமழப்பாக இழைத்த, புதிதாகத் திறந்த முகம். இழைத்த அன்றைக்கே ஒட்டிவிடுவது உத்தமம். இதைக் கண்ணால் பார்க்கலாம். சில மாதம் முன்பு இழைத்த முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டையாக அப்படியே நிற்கும். பக்கத்திலேயே இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்துவிட்டு இன்னொரு சொட்டு விடுங்கள். பரவி மரத்துக்குள் இறங்கும். பசையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் இறங்காத இடத்தில் அதுவும் இறங்காது. தேக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால், இழைத்த கையோடு ஒட்டுங்கள். முடியாவிட்டால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் பூசுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

முகம் எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மென்மையான மரத்தை ஒட்டப் பசைத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிலோ. நம் சட்டத்தின் முகம் 1,620 சதுர செ.மீ. குறைந்தபட்சக் கணக்குப்படியே 11 டன்னுக்கு மேல் வேண்டும்! ஒரு நல்ல கிளாம்ப் தருவது 300 முதல் 500 கிலோ. பத்து கிளாம்ப் போட்டாலும் 5 டன்தான். அதாவது, வீட்டுப் பட்டறையில் அந்த அழுத்தம் நமக்கு வரவே வராது. இருந்தும் இணைப்பு உறுதியாக நிற்கிறதென்றால், முகங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று முழுக்கத் தொடுவதால்தான். இருக்கிற அழுத்தத்தை வளைந்த சட்டத்தை நிமிர்த்துவதில் செலவழித்துவிட்டால் பசையை அழுத்த மிச்சம் இருக்காது.

அதனால் இரண்டு சட்டங்களைப் பசையில்லாமல் சேர்த்து வைத்து, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய கீற்று தெரிந்து, இரண்டு கையால் அமுக்கினால் மறைகிறது என்றால் பரவாயில்லை. கிளாம்ப் போட்டுத் திருகினால்தான் மறைகிறது என்றால் மறுபடி இழையுங்கள். முனைகளில் இடைவெளி இருப்பது நடுவில் இருப்பதைவிட மோசம். முனை வழியாக மரம் சீக்கிரம் காய்வதால் பிளவு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒத்திகை

பசை டப்பாவைத் திறக்கும் முன், முழு வேலையையும் பசையில்லாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். கிளாம்புகளைத் தேவையான அளவுக்குத் திறந்து, எடுக்கும் வரிசையில் வையுங்கள். மேலும் கீழும் மாறி மாறி, 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் ஒன்று. கிளாம்பின் வாய்க்கும் மரத்துக்கும் நடுவில் தடிமனான தாங்கு கட்டை இருக்கட்டும். அழுத்தம் ஒரே புள்ளியில் இறங்காமல் விரிந்து பரவும். இரும்புத் தண்டு மரத்தைத் தொடும் இடத்தில் மெழுகுத்தாள் போடுங்கள். ஓக் மாதிரித் துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் ஈரப்பசையும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை விழும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பூசியதிலிருந்து சேர்ப்பதற்கு 5 நிமிஷம், இறுக்கி முடிக்க மொத்தம் 10, 15 நிமிஷம் என்பது இந்தப் பசைகளுக்குப் பொதுவான அளவு. வெயிலும் வறண்ட காற்றும் இருந்தால் இது பாதியாகக் குறையும். குளிர் வேறு விதமான ஆபத்து. 10 டிகிரிக்குக் கீழே போனால் பல பி.வி.ஏ. பசைகள் இறுகாமல் சுண்ணாம்புத் தூள் மாதிரி வெளுத்துக் காயும். அறை மட்டும் சூடாக இருந்தால் போதாது, மரமும் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும்.

ஒட்டுதல்

13 சட்டத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். என் முதல் மேசையில் நான் அப்படித்தான் செய்தேன். கடைசிச் சட்டத்துக்குப் பூசிக்கொண்டிருந்தபோது முதல் சட்டத்தில் பசை தோல் கட்டிவிட்டது. அவசரத்தில் அது கண்ணில் படவில்லை. சில மாதம் கழித்து அந்த ஒட்டில் மெல்லிய கோடு விழுந்தது, பிறகு அளவுகோலின் முனை உள்ளே போகும் அளவுக்கு விரிந்தது. ஒழுங்காக இழைத்த மரம், நல்ல பசை, எல்லாம் இருந்தும் பத்து நிமிஷம் தவறியதால் வந்த வினை.

ஆகவே 4, 4, 5 என்று மூன்று கட்டாகப் பிரியுங்கள். ஒரு கட்டில் மூன்று அல்லது நாலு ஒட்டுதான், நிதானமாகச் செய்யலாம்.

சட்டங்களை ஒட்டும் முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். ஒரு முகத்தில் பசையை நீளவாக்கில் பாம்பு போல ஊற்றி, சின்ன ரோலர் அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஓரம்வரை இழுத்துப் பரப்புங்கள். அதோடு சேரும் எதிர் முகத்தில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். இரண்டு பக்கமும் பூச வேண்டுமா என்று கேட்பார்கள். நேரம் இருந்தால் பூசுங்கள் என்பேன். எதிர் முகத்தில் பசை தொடாத திட்டு எதுவும் மிஞ்சாது. பரப்பிய பிறகு சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். முகம் முழுக்க ஒரே மாதிரி ஈரமாக மின்ன வேண்டும். மங்கலாகத் தெரியும் இடம் பசையைக் குடித்துவிட்ட இடம், அங்கே இன்னும் கொஞ்சம் போடுங்கள்.

இப்போது சட்டங்களை நிமிர்த்திச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றை முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் தேயுங்கள். முதலில் எண்ணெயில் வழுக்குவது போலப் போகும், நாலைந்து தடவைக்குள் கையில் இழுவை தெரியும். பசை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓரங்களை மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒரு நிமிஷம் சும்மா விடுங்கள். உடனே இறுக்கினால் சட்டங்கள் வழுக்கி மேலும் கீழும் ஏறும்.

நடுக் கிளாம்பில் தொடங்கி இரண்டு முனைக்கும் போங்கள். முதல் சுற்றில் லேசாக, இரண்டாவது சுற்றில் இறுக்கமாக. ஒட்டுக் கோடு முழுவதும் கடுகு கடுகாகப் பசை முத்துகள் வெளியே வரும். நான் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்தக் கோட்டை முனையிலிருந்து முனைவரை பார்ப்பேன். முத்து இல்லாத இடம் இருந்தால் அங்கே பசை குறைவு அல்லது அழுத்தம் குறைவு. முதலில் அங்கே ஒரு கிளாம்ப் கூடுதலாகப் போடுங்கள். அப்போதும் வராவிட்டால், தயங்காமல் உடனே பிரித்துப் பசை சேர்த்து மறுபடி சேருங்கள். அடுத்த நாள் அந்த வாய்ப்பு இருக்காது. அதே சமயம் பசை அருவியாக ஓடுகிறது என்றால் அடுத்த கட்டில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து நாருக்குள் புகுந்துவிடும், பின்னால் எண்ணெய் பூசும்போது வெளிறிய திட்டாகக் காட்டிக்கொடுக்கும். முக்கால் மணி நேரம் பொறுத்தால் ரப்பர் பதத்துக்கு வரும். அப்போது பழைய உளியால் நெம்பினால் நாடா நாடாவாகக் கழன்று வரும்.

கிளாம்பை ஒரு மணி நேரத்தில் எடுக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். நான் ராத்திரி முழுக்க விடுவேன். 24 மணி நேரம் எந்த பலத்தையும் அதன் மேல் காட்டக் கூடாது. மூன்று கட்டும் ஆனதும் சேரும் முகங்களை மறுபடி இழைத்துச் சரிபார்த்து மூன்றையும் ஒன்றாக்குங்கள். இந்த இரண்டு ஒட்டுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். தனிச் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒட்டிய கட்டு அசையாது, எனவே பொருத்தம் இம்மியும் பிசகக் கூடாது.

மேல்பலகையை மட்டம் பிடிக்க ஒரு வாரம் காத்திருங்கள். பசையிலிருக்கும் தண்ணீரால் ஒட்டுக்கு இருபுறமும் மரம் லேசாக உப்பியிருக்கும். அப்போதே இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு ஒவ்வொரு ஒட்டும் மெல்லிய பள்ளமாகத் தெரியும்.

கால்களும் குறுக்குச் சட்டங்களும்

காலின் துளைக்குள் சட்டத்தின் கழுந்து, அதாவது நாக்கு போலச் செதுக்கிய முனை, கையால் தள்ளிப் பாதி தூரம், கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டி மீதி தூரம் போக வேண்டும். அதற்கு மேல் அடித்து இறக்க வேண்டியிருந்தால் பசை போட்டதும் கழுந்து ஊறி, பாதியிலேயே மாட்டிக்கொள்ளும்.

பசையைத் துளையின் பக்கச் சுவர்களில் மெல்லிய குச்சியால் தடவுங்கள், கழுந்தில் லேசான பூச்சு போதும். துளையின் அடியில் பசையைக் கொட்டி வைத்தால் அது வெளியேற வழியில்லாமல் கழுந்தைத் திருப்பித் தள்ளும். காலே பிளந்ததும் உண்டு. துளையைக் கழுந்தைவிட இரண்டு மூன்று மி.மீ. ஆழமாக வெட்டிவிட்டால் மிச்சப் பசைக்கு இடம் கிடைக்கும். சேர்த்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமா என்று பாருங்கள்.

குறுக்கே அறுத்த முனைகள் பசையை உறிஞ்சிவிடும், அங்கே பிடிப்பும் குறைவு. முனையை மட்டும் ஒட்டி எதையும் தாங்க வைக்காதீர்கள். கழுந்தின் தோள், அதாவது நாக்கைச் சுற்றிக் காலில் முட்டி நிற்கும் வெட்டு முகம், போன்ற இடங்களில் தண்ணீர் கலந்த பசையை முதலில் பூசி, உறிஞ்சிய பிறகு கெட்டிப் பசை பூசலாம்.

ஒட்டக் கூடாத இடங்கள்

மேல்பலகையைக் கால் சட்டகத்தோடு ஒட்டாதீர்கள். மரம் நீளத்தில் கிட்டத்தட்ட மாறாது, அகலத்தில் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால், மரத்தின் வகையைப் பொறுத்து, நம் அளவு பலகை 5, 6 மி.மீ. கூட நகரலாம். அதைக் குறுக்குச் சட்டத்தோடு பசையால் கட்டிவிட்டால் ஒன்று பலகை பிளக்கும், இல்லையென்றால் சட்டம் பிடுங்கிக்கொள்ளும். போல்ட் போடுங்கள். முன்பக்கத் துளை இறுக்கமாக, பின்பக்கத் துளை அகலவாக்கில் நீண்டு இருக்கட்டும். பலகை பின்னால் மட்டும் நகரும், வேலை செய்யும் முன் ஓரம் அசையாது.

பலகையின் முனையில் குறுக்காக மூடி போடுவதாக இருந்தாலும் இதே கதைதான். ஓர் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள், மற்ற இடங்களில் நீள்துளையில் போல்ட். வைஸின் மரத் தாடை, தேய்ந்தால் மாற்ற வேண்டிய எதையும் ஸ்க்ரூவால் பிடியுங்கள்.

சோதனைத் துண்டு

ஒவ்வொரு முறை ஒட்டும்போதும், அதே மரத்தின் இரண்டு மிச்சத் துண்டுகளை அதே பசையால் ஒட்டித் தனியாக வையுங்கள். மறுநாள் ஒட்டுக் கோட்டில் உளியை வைத்து அடித்துப் பிளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் நார் பிய்ந்து ஒட்டியிருந்தால் மேசையும் அப்படியே பிடித்திருக்கிறது என்று நம்பலாம். ஒரு பக்கம் கண்ணாடி போலப் பசைத் தோல் மின்னினால், அழுத்தும் முன்பே காய்ந்திருக்கிறது. பசையே தெரியாமல் வெறும் மரமாக இருந்தால் பூசியது போதவில்லை. வெள்ளையாக மாவு உதிர்ந்தால் குளிர்.

மேசையில் ஒரு ஒட்டு விட்டுவிட்டால் அந்தப் பிளவுக்குள் அதே பசையைத் திணிக்காதீர்கள். காய்ந்த பி.வி.ஏ.யின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. அந்தக் கோட்டின் வழியே ரம்பம் போட்டுப் பிரித்து, புது மரம் தெரியும்வரை இரண்டு முகத்தையும் இழைத்து, முதலிலிருந்து ஒட்டுங்கள். ஒன்றிரண்டு மி.மீ. அகலம் குறையும், அவ்வளவுதான்.